டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தால் என்ன ஆகிவிடும்? விம் எடிட்டரில் 2019ல் பிடிபட்ட ஓட்டை

2019 ஜூன் முதல் வாரம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் பழைய பதிப்பு ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஏற்றி, டெர்மினலில் ஓடும் விம் எடிட்டரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தேன். கோப்பில் மொத்தமே ஒரு வரிதான். திறந்ததும் அந்த வரி திரையில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பெயரும் பதிப்பு எண்ணும் டெர்மினலில் வந்து நின்றன. அதற்குக் கீழே, தொடர்வதற்கு என்டர் அழுத்தச் சொல்லும் விம்மின் வழக்கமான வாசகம். நான் எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. கோப்பின் பெயரைச் சொல்லித் திறந்தேன், அவ்வளவுதான். கெர்னல் விவரத்தைக் கேட்கும் கட்டளை அந்தக் கோப்புக்குள் இருந்தது. அதை விம் எடுத்து ஓட்டிவிட்டது.

அந்த இடத்தில் என் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் டைரக்டரியை அழிக்கும் கட்டளை இருந்திருந்தால் அதுவும் இதே வேகத்தில் ஓடியிருக்கும். மற்ற சர்வர்களுக்குள் நுழைய நான் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் சாவியைப் படித்து வெளியே அனுப்பும் கட்டளையாக இருந்தாலும் அப்படியே. திறந்தவருக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அந்த ஒரு வரிக்கும் உண்டு.

‘எக்ஸ்இ கோப்பைத் தொடாதே, வேர்ட் கோப்பில் மேக்ரோ இருக்கும், ஜாக்கிரதை’ என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். டெக்ஸ்ட் கோப்பு என்று வந்தால் ‘சும்மா திறந்து பாருங்க, அது வெறும் எழுத்துதானே’ என்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்து வெறும் எழுத்துதான், அதில் தப்பில்லை. அதைப் படித்துக் காட்டும் எடிட்டர் ஒரு முழு நிரல் என்பதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

நடந்தது என்ன

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அர்மின் ரஸ்ம்ஜூ என்ற பாதுகாப்பு ஆய்வாளர். 2019 மே 22 அன்று விம், அதிலிருந்து பிரிந்து வந்த நியோவிம் இரண்டையும் பராமரிக்கிறவர்களுக்குத் தெரியப்படுத்தினார். மறுநாளே, மே 23 அன்று, விம்முக்குப் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வந்துவிட்டது. அதன் எண் 8.1.1365. நியோவிம் மே 29 அன்று 0.3.6 பதிப்பில் சரிசெய்தது. அதற்கு அப்புறம்தான், ஜூன் 4ஆம் தேதி, ரஸ்ம்ஜூ முழு விவரத்தையும் பொதுவில் வைத்தார். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு உலகளவில் கொடுக்கப்படும் அடையாள எண் அடுத்த நாள் கிடைத்தது: சிவிஇ-2019-12735.

ஒழுங்காக நடந்த காரியம் இது. கண்டவர் முதலில் கத்தவில்லை, சரிசெய்ய வேண்டியவர்களிடம் சொன்னார். அவர்களும் தள்ளிப்போடவில்லை. விம்மை எழுதிய பிராம் மூலனார் அப்போது இருந்தார். 1991ல் அமிகா கணினிக்காக முதன்முதலில் வெளியிட்டதிலிருந்து 2023 ஆகஸ்டில் இறக்கும் வரை, விம்மைப் பராமரித்து, அதில் சேரும் திருத்தங்களுக்கு எண் போட்டு வெளியிட்டு வந்தவர் அவர். ஒரு நாளில் பேட்ச் வந்ததற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான்.

மோட்லைன்: கோப்பு எடிட்டரிடம் பேசும் இடம்

இந்த ஓட்டை எங்கே இருந்தது என்று புரிய, மோட்லைன் என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

பைத்தான் கோப்பு ஒன்றை நான் நான்கு இடைவெளி வைத்து எழுதுகிறேன், நீங்கள் எட்டு இடைவெளி வைத்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கோப்பில் இரண்டு பேரும் கை வைத்தால் குழப்பம்தான். அதற்கு விம் ஒரு வழி தருகிறது. கோப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு குறிப்பு வரி போட்டு, அதில் விம் என்ற பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து, ‘டேப் அகலம் இவ்வளவு, வரி நீளம் இவ்வளவு’ என்று எழுதிவிடலாம். யார் திறந்தாலும் விம் அந்த வரியைப் பார்த்துத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். இதுதான் மோட்லைன். கோப்பின் முதல் ஐந்து வரிகளிலும் கடைசி ஐந்து வரிகளிலும் விம் இதைத் தேடும். விம்மோடு வரும் உதவிக் கோப்பு எதையாவது திறந்து கடைசி வரிக்குப் போனால் ஒரு மோட்லைனைப் பார்க்கலாம்.

வசதியானதுதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால், யாரோ எழுதிய கோப்பு என் எடிட்டருக்கு உத்தரவு போடுகிறது என்றுதான் இதற்குப் பொருள். விம்மை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மோட்லைனில் அமைப்பை மாற்றும் ‘செட்’ கட்டளையைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை, வெளியே சாதுவாகத் தெரிந்து உள்ளே கேட்டை ஒளித்து வைக்கும் ட்ரோஜன் குதிரையாக ஒரு டெக்ஸ்ட் கோப்பை யாராவது தயாரித்துவிடக் கூடாது என்பதே காரணம் என்று விம்மின் கையேட்டிலேயே வெகுகாலமாக எழுதியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், சில அமைப்புகளின் மதிப்பே ஒரு சின்ன நிரல் துண்டு. நீளமான கோப்பில் பகுதிகளை மடித்து வைக்கும் வசதி விம்மில் உண்டு. எந்த வரி எந்த மடிப்புக்குள் போகும் என்று கணக்குப் போட ‘ஃபோல்ட்எக்ஸ்பிரஷன்’ என்ற அமைப்பில் ஒரு கோவையை, அதாவது கணக்கிட்டு விடை தரும் நிரல் துண்டை, எழுதலாம். விம் ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கோவையை ஓட்டிப் பார்க்கும். உள்தள்ளலுக்கும் கீழே தெரியும் நிலைப் பட்டைக்கும் இதே மாதிரி கோவைகள் உண்டு. ஆக, ‘அமைப்பை மட்டும்தான் மாற்றலாம்’ என்று சொன்னாலும் அமைப்பு வழியாக நிரல் உள்ளே நுழைய முடிகிறது.

அதற்காகத்தான் சாண்ட்பாக்ஸ். மோட்லைன் வழியாக வரும் கோவைகளை விம் ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டும். அந்த வேலிக்குள் இருக்கும்வரை ஷெல் கட்டளை (கணினிக்கே நேராகக் கொடுக்கும் கட்டளை) ஓடாது, கோப்பைப் படிக்கவோ எழுதவோ முடியாது, திறந்திருக்கும் கோப்பின் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வேலியைத் தாண்டிய விதம்

ரஸ்ம்ஜூ கண்டது வேலியில் இருந்த ஒரே ஒரு இடைவெளி. ‘சோர்ஸ்’ என்ற கட்டளை ஒரு கோப்பில் உள்ள விம் கட்டளைகளைப் படித்து ஓட்டும். அதே கட்டளையை ஆச்சரியக்குறி சேர்த்துக் கொடுத்தால் வேறு மாதிரி வேலை செய்யும். கோப்பில் உள்ள எழுத்துகளை, யாரோ கீபோர்டில் உட்கார்ந்து தட்டுவது போல ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது வடிவத்தை ஓட்டும்போது, நாம் சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கிறோமா என்று விம் பார்க்கவே இல்லை.

இங்கே முக்கியமானது நேரம். எழுத்துகளைத் தட்டுவதுபோல் எடுத்துக்கொள்ளும் என்றேன் அல்லவா? அவை உடனே ஓடுவதில்லை, வரிசையில் நிற்கும். கோவையைக் கணக்கிட்டு முடித்து, சாண்ட்பாக்ஸை விட்டு விம் வெளியே வந்து, அடுத்து என்ன தட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்போதுதான் ஓடும். அப்போது வேலி இல்லை. கையைக் கட்டிப் போட்டிருந்த ஆள் கட்டை அவிழ்க்க முயலவே இல்லை. செய்ய வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி மேஜையில் வைத்தார். கட்டுப்பாடெல்லாம் முடிந்த பிறகு விம்மே அந்தச் சீட்டை எடுத்துப் படித்துச் செய்தது.

எந்தக் கோப்பை அப்படித் தட்டச் சொல்வது? திறந்திருக்கும் அதே கோப்பை. விம்மில் சதவீதக் குறி போட்டால் இப்போதைய கோப்பு என்று அர்த்தம். அதனால் வேறு கோப்பே தேவையில்லை. அந்த ஒரே வரி இரண்டு வேலை பார்க்கிறது. மோட்லைனாகப் படித்தால், மடிப்புக் கோவை வழியாகத் தன்னையே தட்டச் சொல்கிறது. தட்டிய எழுத்தாகப் படித்தால், முதலில் வருவது முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும். விம் பயன்படுத்துகிறவர்களுக்கு அது ஷெல் கட்டளையின் தொடக்கம். வரியின் முடிவு என்டர் தட்டியதாகக் கணக்கு. நான் அந்த வரியை ஒரு தாளில் எழுதி, எந்த எழுத்து எந்தப் பார்வையில் என்ன ஆகிறது என்று பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். புரிய அரை மணி நேரம் ஆனது.

இன்னொரு கண்ணி உண்டு. கோவைக்குள் கட்டளையை நேரடியாக எழுத முடியாது, பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறு நிரல்களான ஃபங்ஷன்களை மட்டுமே கூப்பிடலாம். அதற்கு அவர் எடுத்தது ‘அசர்ட் ஃபெயில்ஸ்’ என்ற ஃபங்ஷனை. விம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வைத்திருக்கும் ஃபங்ஷன் அது. ஒரு கட்டளையைக் கொடுத்தால், அது பிழை தருகிறதா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்லும். சோதனைக்காக வைத்த கருவி வழியாகக் கட்டளை உள்ளே போயிற்று.

கேட் செய்து பார்த்தால் தெரியாதா?

கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே டெர்மினலில் கொட்டிக் காட்டும் கட்டளை கேட். ‘முதலில் கேட் கட்டளையில் உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டுத் திறப்பேன், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று அப்போது கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. ஆனால் ரஸ்ம்ஜூ காட்டிய இரண்டாவது மாதிரி அந்த நம்பிக்கையையும் உடைத்தது. டெர்மினலுக்கென்று தனி மொழி ஒன்று உண்டு. எஸ்கேப் என்ற எழுத்தில் தொடங்கும் வரிசைகளைக் கண்டால் டெர்மினல் அவற்றை அச்சிடாது. நிறம் மாற்று, வரியை அழி, கர்சரை நகர்த்து என்று செயலில் இறங்கும். அந்த வரிசைகளை மோட்லைனைச் சுற்றிப் போட்டால், கேட் ஓட்டும்போது கெட்ட வரி மறைந்து, சாதாரண வாக்கியம் மட்டும் திரையில் நிற்கும். அதே கோப்பை விம்மில் திறந்தால், தாக்கியவரின் கணினிக்கு இங்கிருந்து ஓர் இணைப்பு போகும். அவர் கையில் நம் ஷெல்.

கேட் கட்டளையோடு ‘ஹைஃபன் வி’ சேர்த்துக் கொடுத்தால் மறைந்திருக்கும் எழுத்துகள் வெளியே தெரியும். இல்லையென்றால் எக்ஸ்எக்ஸ்டி. விம்மோடு சேர்ந்தே வரும் இந்தச் சின்னக் கருவி கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும், எதையும் மறைக்க முடியாது. நண்பருக்கு அந்த மாதிரிக் கோப்பை முதலில் கேட்டிலும் பிறகு எக்ஸ்எக்ஸ்டியிலும் காட்டினேன். இரண்டும் ஒரே கோப்புதானா என்று இரண்டு தடவை கேட்டார்.

இரண்டு வரித் திருத்தம்

8.1.1365 பேட்சைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சோர்ஸ் கட்டளை கோப்பைத் திறக்கும் இடத்தில், நாம் பாதுகாப்பு வேலிக்குள் இருக்கிறோமா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் திரும்பிவிடு. இரண்டே வரி. அதற்கு மேலே பிராம் எழுதிய குறிப்பு காரணத்தைச் சொல்கிறது: சாண்ட்பாக்ஸுக்குள்ளிருந்து ஒரு கோப்பை ஓட்டவிட்டால், அந்தக் கட்டளைகள் பிற்பாடு, ஒருவேளை வேலிக்கு வெளியே, ஓடக்கூடும். ஓட்டையின் முழுக் கதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கூடவே ஒரு சோதனையும் சேர்த்தார். வேலிக்குள்ளிருந்து சோர்ஸ் ஓட்ட முயன்றால் பிழை வருகிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்குப் பயன்படுத்தியது அதே அசர்ட் ஃபெயில்ஸ்.

என்னைக் கேட்டால், அடுத்த பேட்சான 8.1.1366தான் அதைவிடப் பெரிய முடிவு. மோட்லைனில் கோவை எழுதுவதையே அது தடுத்துவிட்டது. வேண்டும் என்கிறவர் ‘மோட்லைன்எக்ஸ்பிரஷன்’ என்ற புது அமைப்பைத் தானாகப் போய் இயக்க வேண்டும், இயல்பாக அது அணைந்திருக்கும். கண்டுபிடித்த ஓட்டையை அடைத்ததோடு நிற்காமல், அந்த ஓட்டை இருந்த சுவர்ப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். சிலருடைய பழைய கோப்புகளில் மடிப்பு வேலை செய்யாமல் போயிருக்கும். போகட்டும், கோப்பைத் திறந்ததற்காக யாருடைய கணினியும் பறிபோவதைவிட அது மேல்.

மோட்லைனில் ஓட்டை வந்தது இது முதல் தடவையும் இல்லை. 2002ல், வெளி லைப்ரரியைக் கூப்பிடும் ஃபங்ஷனை மோட்லைன் வழியாக ஓட்ட முடிந்தது. 2007ல், சாண்ட்பாக்ஸுக்குள் தடுக்க மறந்த சில ஃபங்ஷன்கள் பிடிபட்டன. 2016ல், கோப்பு வகையைச் சொல்லும் அமைப்பின் மதிப்பைச் சரியாகச் சோதிக்காமல் விட்டதால் ஒன்று, அதை 8.0.0056 பேட்ச் அடைத்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வாசல், ஆனால் வீடு ஒன்றுதான்.

இந்தப் பழைய காயங்களின் தழும்பு சில இடங்களில் இன்னும் தெரிகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் விம்மோடு வரும் அமைப்புக் கோப்பில், மோட்லைன்கள் வரலாற்று ரீதியாகப் பாதுகாப்புச் சிக்கல்களுக்குக் காரணமாக இருந்திருக்கின்றன என்று எழுதி, அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிளின் மேக் கணினியோடு வரும் விம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்தால், மோட்லைன் தேடும் வரிகளின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் ஒரு வரி இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே குறிப்பாக 2007 ஓட்டையின் சிவிஇ எண். எவரோ ஒருவர் அன்றைக்கு எழுதிய வரி, பன்னிரண்டு வருடம் கழித்து வந்த புது ஓட்டையையும் தடுத்தது.

அப்படியென்றால் என் உபுண்டுவில் எப்படி ஓடியது? உபுண்டு டெபியனிலிருந்து வருவதால் அதிலும் மோட்லைன் அணைந்துதான் இருக்கும். ஆனால் நான் அந்த மெஷினில் என் சொந்த விம் அமைப்புகளை எழுதி வைக்கும் வழக்கமான விம்ஆர்சி கோப்பைப் போட்டிருந்தேன். பல வருடத்துக்கு முன் யாருடைய கோப்பிலிருந்தோ நகலெடுத்த அதில் ‘செட் மோட்லைன்’ என்று ஒரு வரி இருந்தது. எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. டெபியன்காரர்கள் யோசித்துப் போட்ட பூட்டை நானே திறந்து வைத்திருந்தேன்.

பேட்ச் வந்துவிட்டது, நம்மிடம் வந்துவிட்டதா?

ஓட்டை தெரிந்து ஒரே நாளில் பேட்ச் வந்தது. உபுண்டுவும் டெபியனும் ஜூன் மாதத்திலேயே திருத்திய பொதிகளை (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்புகளை) வெளியிட்டன. அங்கிருந்து என் கையில் இருந்த சர்வர்களுக்கு வந்து சேர்ந்த கதை தனி.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் லினக்ஸ் சர்வர்களைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கும் இன்னொருவருக்கும். எல்லாவற்றிலும் அப்டேட் ஓட்டினோம். சரி, முடிந்தது என்று நினைத்து, உறுதிசெய்ய விம்மின் பதிப்பு எண்ணைப் பார்த்தோம். 18.04 உபுண்டுவில் 8.0.1453 என்று வந்தது. திருத்தம் 8.1.1365ல்தான் இருக்கிறது, அப்படியானால் அப்டேட் ஆகவில்லையா? கூட இருந்தவர் மறுபடி ஓட்டினார். அதே எண்.

இது பலரையும் குழப்பும் இடம். டெபியனும் உபுண்டுவும் பொதுவாக ஒரு வெளியீட்டின் ஆயுள் முழுக்க மென்பொருளின் பதிப்பை ஏற்றுவதில்லை. புதுப் பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். விம் சொல்லும் எண் மாறாது, பொதியின் பதிப்பில் வாலில் இருக்கும் எண்தான் மாறும். அதனால் விம்மைக் கேட்டுப் பயனில்லை. பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடியின் ‘சேஞ்ச்லாக்’ கட்டளையில் விம் பொதியின் மாற்றப் பட்டியலை எடுத்து அதில் சிவிஇ எண்ணைத் தேட வேண்டும். தேடினோம், 2019-12735 அங்கே இருந்தது. நிம்மதி. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பட்டியல் போடும் ஸ்கேனர்கள், சரியாகிவிட்ட சர்வரைக்கூட ஓட்டையுள்ளது என்று சிவப்பில் காட்டும். அப்படிச் சிவப்பாகவே பார்த்துப் பழகினால் உண்மையான சிவப்பும் கண்ணில் படாது.

அந்த உண்மையான சிவப்பு எங்களிடம் இருந்தது. ஒரு சர்வரில் ஏபிடி எல்லாம் சரியாகச் சொல்லியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. விம் எங்கிருந்து ஓடுகிறது என்று ‘விச்’ கட்டளையில் கேட்டேன். பதில், யூஎஸ்ஆர் லோக்கல் பின் என்ற டைரக்டரி. ஏபிடி நிறுவும் விம் யூஎஸ்ஆர் பின்னில்தான் இருக்க வேண்டும். விசாரித்தபோது தெரிந்தது: பைத்தான் வசதியோடு விம் வேண்டும் என்று எப்போதோ ஒருவர் மூல நிரலிலிருந்து தானே கம்பைல் செய்து அங்கே போட்டுவிட்டார், அவர் வேலையை விட்டே போய்விட்டார். லோக்கல் பின் முதலில் தேடப்படும் இடம் என்பதால் எல்லாரும் தினமும் திறந்தது அந்த விம்மைத்தான். ஏபிடி பக்கத்து அறையில் இருந்த விம்மைப் பத்திரமாகத் திருத்திவிட்டுப் போயிருந்தது.

அதைவிட மோசமான விஷயம் இன்னொன்று. மூலத்திலிருந்து கம்பைல் செய்த விம் டெபியனின் அமைப்புக் கோப்பைப் படிக்காது. அதனால் மோட்லைனை அணைக்கும் அந்த வரியும் அதற்குக் கிடையாது. மூல விம்மில், எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக ஓடும்போது தவிர, மோட்லைன் இயல்பாகவே இயங்கும். ஆக அந்தச் சர்வரில் பேட்சும் இல்லை, பூட்டும் இல்லை. லாக் கோப்புகளையும் வெளியிலிருந்து வந்து சேரும் டெக்ஸ்ட் கோப்புகளையும் திறந்து பார்க்கிற சர்வர் அது. அந்த விம்மை நீக்கிவிட்டு, பைத்தான் வசதியுள்ள விம்மைப் பொதியாகவே நிறுவினோம். டெபியன் அதைத் தனிப் பொதியாகத் தருகிறது. முன்பே அதைச் செய்திருந்தால் போதும்.

அப்புறம் டிமக்ஸ், டெர்மினலை மூடினாலும் உள்ளே ஓடுவதை ஓடவிடும் கருவி. பொதியை அப்டேட் செய்தால் வட்டில் உள்ள நிரல்தான் மாறும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விம் பழைய நிரலோடுதான் ஓடும். எங்கள் டெவலப்பர்கள் பலர் டிமக்ஸில் மாதக்கணக்கில் ஒரே விம்மைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்த விம்முக்குள் புதுக் கோப்பைத் திறந்தால் பழைய ஓட்டைதான். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சேமித்துவிட்டு மூடித் திறக்கச் சொன்னோம். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். மாதிரிக் கோப்பைக் காட்டியதும் மூடினார்கள்.

உபுண்டு 14.04 ஓடிய சர்வர் ஒன்றும் இருந்தது. அதன் வழக்கமான ஆதரவு அந்த ஏப்ரலில்தான் முடிந்திருந்தது. அதற்கு இலவசமாகத் திருத்தம் வராது. மோட்லைனை எல்லாப் பயனருக்கும் அணைத்து, புது சர்வருக்கு மாற்றும் தேதியை முன்னால் இழுத்தோம்.

தமிழ் எழுத்தும் ஒரு பஃபரும்

விம் மட்டும்தானா என்றால் இல்லை. இன்னொரு எடிட்டரான ஈமாக்ஸின் 25.3 பதிப்பு 2017 செப்டம்பரில் வந்ததே, அலங்கரித்த டெக்ஸ்ட் ஒன்றைத் திறந்தால் அதற்குள் இருக்கும் நிரல் ஓடும் ஓட்டையை அடைக்கத்தான். விம்மிலேயே 2022ல் ஓட்டைகள் டஜன் கணக்கில் பதிவாயின. பெரும்பாலும் தாறுமாறான கோப்புகளைத் தானாகத் தயாரித்து ஊட்டிப் பார்க்கும் ஃபஸ்ஸிங் முறையில் கண்டவை, நினைவக எல்லையை மீறும் வகை.

அந்த வகைக்கு, தமிழில் எழுதுகிற நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. விண்டோஸில் நம்மில் பலர் நோட்பேட் பிளஸ் பிளஸ் வைத்திருக்கிறோம். 2023ல் கிட்ஹப் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான கிட்ஹப் செக்யூரிட்டி லேப் அதில் நான்கு ஓட்டைகளைக் கண்டது. பெரியது யூடிஎஃப்-16 கோப்பை யூடிஎஃப்-8ஆக மாற்றும் இடத்தில் இருந்தது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் இரண்டு முறைகள் அவை. ‘அ’ என்ற எழுத்து யூடிஎஃப்-16ல் இரண்டு பைட், யூடிஎஃப்-8ல் மூன்று பைட். மற்றத் தமிழ் எழுத்துகளுக்கும் இதே விகிதம்தான். எவ்வளவு மோசமாகப் பார்த்தாலும் இரண்டு பைட்டுக்கு மூன்று பைட் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நிரல் நினைவகத்தில் இடம் (பஃபர்) ஒதுக்கியது. கோப்பின் நீளம் ஒற்றைப்படையாக இருந்தால், உதாரணமாக ஒன்பது பைட் என்றால், அந்தக் கணக்கு இடறிவிடும். ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுத்து போய் விழும். சரியான யூடிஎஃப்-16 கோப்பு ஒற்றைப்படை நீளத்தில் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் தாக்குகிறவர் சரியான கோப்பைத் தர வேண்டும் என்று கட்டாயமா என்ன?

ஏப்ரல் இறுதியில் தெரிவித்த ஓட்டைகள் இவை. ஆகஸ்டில் விவரம் பொதுவில் வரும் வரை திருத்தம் வரவில்லை. செப்டம்பரில் 8.5.7 பதிப்பில்தான் அடைபட்டன. விம்முக்கு ஒரு நாள், இதற்கு நான்கு மாதத்துக்கு மேல். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள் என்பதால் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடைவெளியில் அதைப் பயன்படுத்தியவர்கள் கையில் எந்தத் திருத்தமும் இல்லை.

அதே எடிட்டருக்கு 2025ல் நடந்தது இன்னும் கவலை தருவது. இங்கே பிடிபட்டது அப்டேட் வரும் பாதையே. அதன் தளம் இருந்த ஹோஸ்டிங் சர்வரைத் தாக்குகிறவர்கள் ஜூன் மாதத்திலிருந்து கையில் வைத்திருந்தார்கள். புதுப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்டு வரும் வேண்டுகோள்களில், தாங்கள் குறிவைத்த சிலருடையதை மட்டும் வேறு சர்வருக்குத் திருப்பி, போலி நிறுவியை அனுப்பினார்கள். செப்டம்பரில் சர்வர் அவர்கள் கையைவிட்டுப் போன பிறகும் உள் சேவைகளின் சாவி டிசம்பர் 2 வரை அவர்களிடம் இருந்தது. பழைய அப்டேட்டர், இறக்கிய நிறுவியின் கையொப்பத்தைச் சரியாகச் சோதிக்கவில்லை. டிசம்பரில் வந்த 8.8.9 பதிப்பிலிருந்து சான்றிதழையும் கையொப்பத்தையும் பார்த்துவிட்டுத்தான் நிறுவுகிறது. முழு விவரத்தை 2026 பிப்ரவரியில் அந்தத் திட்டமே வெளியிட்டது.

இதைக் கேட்டு ‘அப்போ அப்டேட்டே வேண்டாம்’ என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பாதையைச் சரிசெய்ததும் ஓர் அப்டேட்தான், பழைய பதிப்பிலேயே நிற்பவரிடம் கையொப்பம் பார்க்காத அந்த அப்டேட்டர்தான் இன்னும் இருக்கிறது. அப்படி நிற்பவர்கள் திட்டத்தின் அதிகாரபூர்வ தளத்துக்குப் போய்ப் புது நிறுவியைத் தாங்களே இறக்கி, விண்டோஸில் அதன் பண்புகளைத் திறந்து டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுவது நல்லது.

விம் பக்கம், உங்கள் கணினியில் இப்போதே ஒரு சோதனை செய்யலாம். விம்முக்குள் முக்காற்புள்ளி தட்டி, ‘வெர்போஸ் செட் மோட்லைன்’ என்று எழுதிக் கடைசியில் கேள்விக்குறி போடுங்கள். மோட்லைன் இயங்குகிறதா இல்லையா என்பதோடு, கடைசியாக எந்தக் கோப்பு அதை மாற்றியது என்பதையும் சொல்லும். விண்டோஸில் நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டை நிறுவியிருப்பவர்கள் அங்கேயும் இதைப் பார்க்கலாம், அதோடு சேர்ந்து ஒரு விம் வருகிறது. கமிட் செய்தி, அதாவது ஒரு மாற்றத்தைப் பற்றிய குறிப்பு, எழுதும்போது திறப்பது பல நேரம் அதுதான். கிட்டை அப்டேட் செய்தால்தான் அந்த விம்மும் மாறும்.

எனக்கு அந்தச் சோதனை என் சொந்த விம்ஆர்சியின் பாதையைக் காட்டியது. ‘செட் மோட்லைன்’ இருந்த வரியை ‘செட் நோமோட்லைன்’ என்று மாற்றினேன். இன்னொரு நாள் யாராவது இந்தக் கோப்பை என்னிடமிருந்து நகலெடுத்து, இது எதற்கு என்று யோசிக்கக்கூடும். அதனால் ஆப்பிள்காரர்கள் செய்தது போலப் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டு வைத்தேன்: சிவிஇ-2019-12735.